ஏறாத துடிப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நீ அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டதால்தான் போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்திருக்கிறேன். போனில் நீ சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா, வேலை இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வருவதில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சித்தி உன் அறையில்தான் படுக்கிறாள், வந்து நாலு மாதம் ஆகிறது, ஒரு வாரம் துணைக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். குறட்டை விடுகிறாய் என்றால் நான் தூங்கவே இல்லையே, எப்படி விடுவேன் என்று என்னையே மடக்குகிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் தையல் கற்கப் போய் ஒரு தலையணை உறை தைத்து வந்தாள், வீட்டிலுள்ள எந்தத் தலையணையும் அதற்குள் போகவில்லை. உறை சரியாத்தான் இருக்கு, தலையணைதான் பெருசு என்கிறாள். குளியலறைக் குழாயைப் பிரிக்க ஆள் வந்தான், யாருங்க இதுல இவ்வளவு நூலைச் சுத்தினது, கப்பலைக் கட்டுற மாதிரி கட்டியிருக்காங்களே என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்பா சுற்றியது. நான் அவனுக்கு டீ போட உள்ளே போய்விட்டேன். ஆபீசுக்கு மறுபடி போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. மானேஜர் மட்டும் மாறியிருக்கிறார், நாற்காலி அதேதான், ஒரு கால் ஆடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சித்தி ஒன்று சொன்னாள். இரண்டு வாரமாக அதை வைத்திருந்திருக்கிறாள், அவள் வாயில் ஒரு விஷயம் இரண்டு நாள் தங்காது என்று உனக்கே தெரியும், அதனால் அது அவளுக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். சித்தி, நான் குடுத்த சர்டிபிகேட்டை நம்பித்தான் அப்பா படி ஏறினாரு, நான்தான் அவரைக் கொன்னுட்டேன் என்று நீ அவளிடம் அழுதாயாம். ஓடப் போவதை நிறுத்திவிட்டாயாம். அப்பா கையிலிருந்த வாட்ச் கடைசியாக அனுப்பிய துடிப்பு எண்ணை உன் போனில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். அவளைத் திட்டாதே. அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், அது இன்னும் பெரிய பாவமாகப் போயிருக்கும். ஏனென்றால் தம்பி, அப்பாவின் இதயம் சரியில்லை என்று நீ லீவில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்து நீ ஒன்பது நாள் இங்கே இருந்தபோது, யாருக்காவது முன்னாடியே தெரியுமாம்மா என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாய். யாருக்கும் தெரியாதுப்பா என்றேன். அது பொய். இனி நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், எதையும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

அப்பாவும் அவருடைய லிஃப்ட் மெக்கானிக்குகளும் விளையாடிய விளையாட்டு உனக்குத் தெரியும். லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்துக்குத்தானே இவர்களைக் கூப்பிடுவார்கள், அதனால் இவர்கள் மட்டும் படியில்தான் போயாக வேண்டும். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். யாருக்குத் துடிப்பு அதிகமோ அவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா ஒரு நாளும் டீ வாங்கியதில்லை. ஐஸ்பெட்டி என்று பேர் வைத்தார்கள். கூட வேலை பார்த்த கிரீஸ் சித்தப்பாதான் பாதி நாள் வாங்குவார், அண்ணனுக்கு உள்ள இருக்கறது இதயமா இல்ல ஃப்ரிட்ஜா என்று புலம்பிக்கொண்டே வாங்குவார். நாற்பது வயதில் அது நிஜமான பலம்தான். அப்பாவுக்கு அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. சுமை ஏற ஏறச் சூடாகாத மோட்டார்தான் நல்ல மோட்டார், என் மோட்டார் சூடாகவே ஆகாது என்பார். நாமும் சிரித்தோம், பெருமையாகவும் இருந்தது, இல்லையா.

போன வருஷம் நடுவிலிருந்து அவர் ஐந்தாவது மாடியில் நிற்க ஆரம்பித்தார். நின்று, ரெயிலைப் பார்க்கிறேன் என்பாராம். ஐந்தாவது மாடியில எந்த மெக்கானிக்கும் நின்னு ரெயில் பாக்க மாட்டான் அண்ணி என்று சித்தப்பாதான் என்னிடம் வந்து சொன்னார். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், நெஞ்சு வலியா என்றால் வலியெல்லாம் இல்லை, மூச்சுதான் கொஞ்சம் பத்தலை என்றார். வம்படியாக டிரெட்மில் டெஸ்டுக்கு அழைத்துப்போனேன். ஓடும் பட்டையின் மேல் நிற்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போனார்கள். அங்கிருந்த பெண், ஐயா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினாள். ஆறாவது நிமிடத்தில் கால் பின்னிக்கொண்டது, நிறுத்திவிட்டார்கள். அப்போது துடிப்பு நூற்றிரண்டு. அவர் வயதுக்குக் குறைந்தது நூற்று முப்பத்தேழைத் தொட்டிருக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத ஆள், இல்லை என்றேன். ஒரு மாதத்துக்குள் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை படி ஏற வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அப்பா தெருவில் நின்று, பாத்தியா, அவ்வளவு ஏத்தியும் நூத்தி ரெண்டுதான், அந்தப் பொண்ணே அசந்துபோச்சு என்றார்.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நான் நினைத்திருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் ஆபீசில் பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற வேலை என்ன? ஊராரின் மெடிக்கல் ரிப்போர்ட்டைப் படித்து, மேலே நல்லதாக நாலு வரி இருந்தாலும் கீழே ஒளிந்திருக்கிற ஒரு வரியைக் கண்டுபிடிப்பதுதான். அப்பாவின் ரிப்போர்ட்டில் முதல் வரி ஈ.சி.ஜி.யில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்றிருந்தது. மூன்றாவது வரி, இலக்குத் துடிப்பை எட்டவில்லை, உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பு உயரவில்லை, இந்தச் சோதனையை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றிருந்தது. இந்த மூன்றாவது வரி உள்ள ஃபைல் என் மேசைக்கு வந்தால் யோசிக்கவே மாட்டேன், இடது தட்டில் போடுவேன். இடது தட்டு என்றால் ஆதாரம் போதாது, மேற்கொண்டு பரிசோதனை கேட்டு எழுது என்று அர்த்தம். கையே தானாகப் போகும். என் வீட்டு ஃபைலை மட்டும் எல்லாம் சரி என்கிற வலது தட்டில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ மூன்று வருஷம் கழித்து வரப்போகிறாய், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிள்ளை வந்து மூணு வாரமும் ஆஸ்பத்திரி வராந்தாவுலயா உக்காரணும், அவன் போனப்புறம் நானே வந்து படுத்துக்கறேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே என்றார். நான் ஒருமுறை மறுத்தேன், இரண்டாவது முறை மறுக்கவில்லை. அவர் கேட்டதனால் மட்டும் இல்லை தம்பி. எனக்கும் அந்த மூன்று வாரம் வேண்டியிருந்தது. வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்து, நீயும் அவரும் பேப்பருக்குச் சண்டை போடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்காக வாங்கிக்கொண்டேன் அந்த மூன்று வாரத்தை.

நீ வந்தாய், துடிப்பு எண்ணுகிற வாட்ச்சை அவர் கையில் கட்டினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டி மேட்டுப் படிகளில் இருவரும் பந்தயம் ஏறினீர்கள். நான் கீழே தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றேன். நூற்றுப் பன்னிரண்டு படி. மேலே போய் நீ இரண்டு வாட்ச்சையும் பார்த்துவிட்டு, எனக்கு நூத்தி அறுபத்தொண்ணு, உங்களுக்குத் தொண்ணூத்தெட்டு, அப்பா உங்க இன்ஜின் என்னோடதைவிடப் புதுசு என்று கத்தினாய். அது கீழே வரை கேட்டது. இறங்கி வந்தவர் அந்த வார்த்தையைப் பால்காரரிலிருந்து பக்கத்து வீடு வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் மேலே கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இறங்கும்போது உதடு வெளுத்திருந்தது. ஆறி உட்கார்ந்த பிறகும் அந்த எண் அதிகம் இறங்கவில்லை, தொண்ணூற்று நாலிலேயே நின்றது, அதையும் அவர் என்னிடம் காட்டினார், பார் எவ்வளவு நிதானம் என்று. நான் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம், நீ அவரை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். சொல்லவில்லை. வாட்ச்சும் குறைவாகத்தானே காட்டுகிறது, ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் மிகைப்படுத்துகிறார்களோ என்று எனக்கு நானே ஒரு சாக்குக்கூடச் சொல்லிக்கொண்டேன். ரிப்போர்ட்டும் வாட்ச்சும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்துவிட்டேன்.

நீ கிளம்பியதும் ஆஸ்பத்திரி பேச்சை எடுத்தேன். அடுத்த வாரம், இந்த வேலை முடியட்டும் என்று இழுத்தார். இருபத்து நான்காம் நாள் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். முந்தின நாள் சாயங்காலம் நீ போனில், நம்பர் எல்லாம் எனக்கு இங்க வருதுப்பா, சூப்பரா இருக்கு, பன்னண்டு என்ன இருபது மாடி ஏறுங்க என்று சொன்னது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா, நீங்க கீழ இருங்கண்ணே, நான் போறேன் என்றாராம். இவர், என் பிள்ளையே சர்டிபிகேட் குடுத்துட்டான்டா என்றாராம். சித்தப்பா அதை உன்னிடம் ஆறுதலுக்குத்தான் சொன்னார், உன்மேல் அண்ணனுக்கு எவ்வளவு பெருமை பார் என்று. அது உன்னை இப்படிக் குத்தும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. எட்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் வரை இருந்தார், உனக்கு விமானத்தில் இடம் கிடைத்த நேரத்தில் போய்விட்டார்.

சித்தி சொன்ன மறுநாள் லீவு போட்டுவிட்டு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன், மூன்று மணி நேரம் காத்திருந்தேன். என் பிள்ளை அவரைப் படி ஏற்றியதால்தான் இப்படி ஆனதா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்க பையன் ஏத்துனதால அடைப்பு வரலைம்மா. கடைசியா எடுத்த ஆஞ்சியோவுல பாத்தா, மூணு ரத்தக்குழாய்ல ஒண்ணு எப்பவோ மூடிப்போச்சு, மத்த ரெண்டும் நூல் மாதிரி இருந்தது, அது பல வருஷக் கணக்கு. உழைக்க உழைக்கத் துடிப்பு ஏறணும், நின்னா சீக்கிரம் இறங்கணும், முதல் நிமிஷத்துலயே பன்னண்டு துடிப்பாவது குறையணும். சிலருக்கு இந்த நோய் வலியா வந்து சொல்லும், சிலருக்கு ஏற வேண்டிய துடிப்பு ஏறாம நின்னு சொல்லும். வாட்ச் காட்டினது பொய் இல்ல. அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் பக்கத்துல இல்ல, அவ்வளவுதான் என்றார். நான் இருந்தேன் டாக்டர் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடிக்கப் போன கையை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்துக்குள் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். வாய்ப்பு இருந்தது என்றார். இதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நாங்க மடையனுங்க அண்ணி, சூட்டைப் பாத்தோமே, கரண்டைப் பாத்தோமா, சுமை ஏத்துனா மோட்டார் கரண்ட் இழுக்கணும், மீட்டர் முள்ளு அசையலேன்னா லைன்ல கோளாறுன்னு பயிற்சிக்கு வர்ற பையன்கூடச் சொல்வானே என்று அழுதார். பிறகு அவரும் டெஸ்ட் எடுத்துக்கொண்டார். நூற்று நாற்பத்தெட்டு வரை ஏறியிருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமா டீ வாங்கிக் குடுத்து அவமானப்பட்டேன், நல்ல இதயம் எனக்குத்தான் இருந்திருக்கு அண்ணி, இதை அண்ணன்கிட்ட போய்ச் சொல்ல முடியலையே என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை எனக்கு. ஆபீசில் அந்த மூன்றாவது வரி வருகிற ஃபைல்காரர்களுக்கு, வேலைக்குத் திரும்பியதிலிருந்தே, தபாலோடு நிறுத்தாமல் போனும் செய்கிறேன். போன் பண்றது உங்க வேலை இல்லீங்க என்கிறார் புது மானேஜர். ஒருவர், என் இதயத்தை நான் பாத்துக்கறேன், நீங்க உங்க சீட்டைப் பாருங்கம்மா என்று வைத்துவிட்டார். இதுவரை ஏழு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், அதில் இரண்டு பேர் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அதனால் என் பாரம் ஒன்றும் குறையவில்லை, இருந்தாலும் செய்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு அப்பாவின் ரிப்போர்ட்டை வைத்திருக்கிறேன், நகல் இல்லை, அசல். தேதியைப் பார். நீ லீவில் இங்கே வர விமானம் ஏறுவதற்கு இருபத்தொரு நாளைக்கு முந்தியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீ நாளெல்லாம் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்கு அந்தத் தேதிதான் பதில். உனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்தவள் நான்.

இனி ஒரு காரியம் நீ செய்ய வேண்டும். உனக்கு முப்பதுகூட ஆகவில்லை, நன்றாகத்தான் இருப்பாய், ஆனாலும் ஒரு இதய டாக்டரைப் பார். அப்பாவுக்கு எந்த வயதில், எப்படி என்று முழுவதும் சொல். வாட்ச்சை நீட்டிவிட்டு வந்துவிடாதே. டாக்டர் ஓடலாம் என்று சொன்னால் மறுநாளே ஓடப் போ. ஓடாமல் இருப்பது அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்காதே, உன்னோடு பந்தயம் ஏறியதைத்தான் அவர் அந்த மாதம் முழுவதும் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். வேளைக்குச் சாப்பிடு. வாரத்துக்கு ஒருமுறை சித்தியிடமும் பேசு, நீ திட்டுவாய் என்று பயந்து போன் மணி அடித்தால் பாத்ரூமுக்குள் போய்விடுகிறாள்.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். எந்த நேரமானாலும் கூப்பிட்டு, ஏம்மா மறைச்சே, ஏம்மா பொய் சொன்னே என்று கேள். மேலே எழுதியிருப்பது தவிர வேறு நல்ல பதில் எதுவும் என்னிடம் இல்லை, இருந்தாலும் கேள், நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவைக் கொன்றவன் என்று நினைத்துக்கொண்டு நீ யாரோடும் பேசாமல் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, என்னைத் திட்டுகிற பிள்ளையாக இருப்பது எனக்கு ஆயிரம் மடங்கு மேல். நீ நீண்ட காலம் நல்லபடி வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

டெஸ்ட் எடுத்த நாளையும் டாக்டர் சொன்னதையும் மறக்காமல் எழுது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல் முதலில் உண்மையை மட்டும் எழுதுகிற,
உன் அம்மா